சட்டத்தோடு வரலாறும் சேர்த்துப் படிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மெரிபேங்க் மலர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் எல்எல்பி (சட்டப் பட்டம்) முதல் வருடம், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம். பள்ளியில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் வரலாறு. வீட்டில் யாரும் அதைப் பிழைப்புக்கான படிப்பாக நினைக்கவில்லை, சட்டம் என்றால் சரி என்றார்கள், எனக்கும் சட்டம் பிடிக்கும் என்பதால் சேர்ந்துவிட்டேன்.

முதல் பருவத்தில் சட்ட வரலாறு என்று கொஞ்சம் வந்தது. ரோமானியச் சட்டம், ஹாலந்தில் சட்ட அறிஞர் குரோஷியஸ், 1652 இல் டச்சுக்காரர்கள் கேப்பில் இறங்கியது, பிறகு ஆங்கிலேயர் ஆட்சி, அங்கிருந்து ஒரே தாவலாக, இனவெறி ஆட்சி முடிந்த 1994. நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததே ஒரு சட்டம்தானே, டர்பன் அப்போது இருந்த ஆங்கிலேயக் காலனியான நேட்டாலின் 1859 ஆம் ஆண்டுச் சட்டம் 14. அதன்படிதான் 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கப்பலின் கதையை வீட்டிலும் கோயிலிலும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருந்தது, அதற்குப் பின்னால் வந்த சட்டங்கள் என்ன சொல்லின என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அது தெரியாமல் இங்கே வக்கீலாவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது யோசனை என்னவென்றால், எல்எல்பியை விட்டுவிட்டு பிஏவுக்கு மாறி, சட்டமும் வரலாறும் இரண்டு முக்கியப் பாடமாக எடுத்து, மூன்று வருடம் முடிந்ததும் இரண்டு வருட எல்எல்பி செய்யலாமா என்பது. கேப் டவுன், விட்ஸ், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அப்படிப் படிக்க வழி வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஐந்து வருடம். அப்பா ஒரே பேச்சாக நான்கு வருடத்தில் முடித்துவிட்டு வேலைக்குப் போ என்கிறார்.

வரலாறு தெரிந்திருப்பது வக்கீல் வேலையில் உண்மையிலேயே எங்காவது கைகொடுக்குமா, இல்லை என் ஆசைக்காக ஒரு வருடத்தைச் செலவழிக்கிறேனா? இரண்டு துறையையும் ஒன்றாகப் படித்தவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள்?

கேட்டோ மேனர்க்காரன்:

தங்கச்சி, நான் அட்டர்னி. நில மீட்பு வழக்குகளில் பல வருடம் வேலை செய்திருக்கிறேன், அதனால் கைகொடுக்குமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1994 ஆம் ஆண்டின் நில உரிமை மீட்புச் சட்டம் வந்தபோது அதன் 30 ஆம் பிரிவில் ஒரு விஷயம் வைத்தார்கள். மற்ற நீதிமன்றங்களில் எடுபடாத செவிவழிச் சாட்சியத்தையும், நிலத்தின் வரலாறு பற்றியும் மானிடவியல் பற்றியும் நிபுணர்கள் சொல்வதையும் இந்த நீதிமன்றம் ஏற்கலாம் என்று. ஏன் அப்படி வைத்தார்கள் என்றால் வேறு வழியில்லை. 1913 ஜூன் 19க்குப் பிறகு இனப்பாகுபாட்டுச் சட்டத்தால் நிலத்தை இழந்தவர்கள் கோரலாம் என்று சொல்லிவிட்டு, பத்திரம் இருந்தால்தான் பேசுவேன் என்றால் யார் வர முடியும்? சட்டத்தில் நில உரிமை என்பதற்குள் சொந்தக்காரர் மட்டும் இல்லை, குடக்கூலிக்கு இருந்தவரும் வருவார், தொடர்ந்து பத்து வருடத்துக்குக் குறையாமல் அந்த இடத்தை அனுபவித்தவரும் வருவார். இவர்களிடம் பத்திரம் எங்கிருந்து வரும்?

ஒரு ஆயா பிஸ்கட் டப்பா நிறைய வாடகை ரசீது கொண்டுவந்தார். பென்சிலில் எழுதியது, பாதி அழிந்திருந்தது. மாதம் இருக்கிறது, தொகை இருக்கிறது, வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கிறது, எந்த வீடு என்பது மட்டும் இல்லை. எங்களோடு இருந்த வரலாற்று ஆய்வாளர் அந்த ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி, வீட்டுக்காரர் பெயரை வைத்து நகராட்சி வரிப் பதிவைப் பிடித்து, அதிலிருந்து மனை எண் எடுத்து, அதே காலத்து வான்வழிப் படத்தில் அந்த மனைக்குள் எத்தனை கூரை தெரிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். ஆயா சொன்ன கிணறும் மாமரமும் படத்தில் இருந்த இடத்தில் இருந்தன. நான் பார்த்திருந்தால் அந்த ரசீதுகளை ஒரே கட்டாகக் கட்டி இணைப்பு என்று எண் போட்டு வைத்திருப்பேன், அவ்வளவுதான், ஏனென்றால் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது சுலபமான விஷயம் இல்லை. டர்பனில் இருக்கும் கேட்டோ மேனரில் நிலம் இந்தியர்கள் பெயரில் இருந்தது, அதில் குடிசை போட்டு வாடகைக்கு இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே 1949 ஜனவரியில் நடந்த கலவரத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு மாதிரி சொல்வார்கள், உம்கும்பானே என்று அந்த இடத்தை அழைத்த ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகள் வேறு மாதிரி சொல்வார்கள். 1958 இல், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, அவர்கள் குவாமாஷுவுக்கும் நாம் சாட்ஸ்வொர்த்துக்கும் தள்ளப்பட்டோம். ஒரே மண் மீது இரண்டு தரப்புக்கும் இழப்பு இருக்கிறது. கட்சிக்காரர் நமக்குச் சொல்லும் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு ஆவணத்தைக் கண்டதும் வழக்கு ஆடிப்போய்விடும். வரலாறு படித்த வக்கீல் அந்த ஆவணத்தை முன்னாடியே தேடிப் படித்திருப்பார். படி. ஒரு வருடம் பெரிய விஷயமே இல்லை.

ஜோபர்க் ரவி:

அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். நில மீட்புக் கோரிக்கைகளுக்கு 1998 டிசம்பர் 31 கடைசித் தேதி. 2014 இல் மறுபடி திறந்தார்கள், 2016 இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. தங்கச்சி படித்து முடித்து வரும்போது அந்த வேலை எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

வீட்டு நிலைமை என்ன என்று நீங்கள் சொல்லவில்லை மலர். ஐந்து வருடம் முடிந்ததும் நேராகச் சம்பளம் இல்லை, அதற்கு மேல் ஒரு அலுவலகத்தில் பயிற்சி இருக்கிறது, பயிற்சிக் காலத்தில் கொடுப்பது பெட்ரோலுக்கும் சட்டைக்கும் சரியாகப் போகும். அரசாங்க நிதி உதவியில் படிப்பவர் என்றால், பட்டத்தை மாற்றினாலும் இரண்டாவது பட்டத்துக்குப் போனாலும் பணம் தொடருமா என்று நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி மாறாதீர்கள்.

என் யோசனை, நான்கு வருட எல்எல்பியை முடியுங்கள். விருப்பப் பாடம் எடுக்க இடம் கிடைக்கும்போதெல்லாம் வரலாற்றுத் துறைக்குப் போய் எடுங்கள். கடைசி வருட ஆய்வுக் கட்டுரையை ஒரு வரலாற்றுத் தலைப்பில் செய்யுங்கள். அப்புறம் வேலையில் இருந்துகொண்டே மாஸ்டர்ஸ் செய்யலாம், யூனிசா வழியாகத் தொலைதூரத்தில்கூட. ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளை அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள், கிளேர்வுட்டில் பஸ் டிரைவர் மகள், முதலில் நேட்டாலில் படித்து 1967 இல் சொந்தமாகப் பிராக்டீஸ் தொடங்கினார், ஹார்வர்டுக்குப் போனது அதற்கு ரொம்பப் பின்னால், 80களில். முதலில் காலை ஊன்றிக்கொண்டு மேலே போவதில் தப்பே இல்லை.

பழைய கோப்பு:

ரவி தம்பி சொல்கிற பணக் கணக்கு நியாயம். ஆனால் விருப்பப் பாடமாக அங்கே ஒன்று இங்கே ஒன்று எடுத்தால் வரலாற்றுத் தகவல் கிடைக்கும், வரலாறு படிக்கும் முறை கைவராது. நான் வரலாற்றுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள், சட்ட மாணவர்கள் நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் கேட்பது, இதில் கட்டுப்படுத்தும் விதி எது, இது என் பக்கத்துக்கு உதவுமா என்பது. நாங்கள் கேட்பது, இதை யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எழுதாமல் விட்டது என்ன என்பது. இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன்.

நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளுக்காகப் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். முதலாளி அடித்தால், கூலி தராவிட்டால், ரேஷன் குறைத்தால் அவரிடம் முறையிடலாம். முறையிடும் உரிமை இருந்ததா என்று தேர்வில் கேட்டால் ஆம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். 1891 ஆம் ஆண்டின் சட்டம் 25ஐ முழுதாகப் படித்தால் அதற்குள்ளேயே வேறொரு விதி இருக்கும். ஒரு தோட்டத்துக் கூலிகள் மொத்தமாகவோ கணிசமான பேராகவோ முதலாளி மீது புகார் சொல்ல அனுமதி இல்லாமல் கிளம்பினால், புகார் நியாயமானதோ இல்லையோ, அவர்களைத் தண்டிக்கலாம். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகும் வழியை அடைத்த மாதிரி. இது சட்டப் படிப்பு காட்டும் விஷயம், வரி வரியாகப் படிக்கத் தெரிந்தால்தான் கண்ணில் படும்.

ஆனால் மக்கள் என்ன செய்தார்கள் என்பது சட்டத்தில் இருக்காது, அதற்குக் கோப்புக்குப் போக வேண்டும். பாதுகாவலர் அலுவலகக் கடிதங்கள், மாஜிஸ்திரேட் கோர்ட்டுப் பதிவுகள், தோட்ட முதலாளி எழுதிய பதில், மருத்துவர் சீட்டு. ஒருவர் கரும்புத் தோட்டத்தை விட்டு வேலைக்கு வராமல் போனதாக வழக்கு, தண்டனை, அதோடு பதிவு முடிந்துவிடும். அந்த ஆள் எங்கே போய்க்கொண்டிருந்தார்? அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அதே தேதியில் பாதுகாவலர் அலுவலகக் கோப்பில் அதே எண் கொண்டவர் காயத்தோடு வந்து நின்றாரா என்று தேடத் தோன்றும். ஒவ்வொருவருக்கும் காலனி எண் ஒன்று இருந்ததால் தேட முடியும்.

பாலசுந்தரம் கதை நம் எல்லோருக்கும் தெரியும், 1894 இல் முதலாளி அடித்துப் பல் உடைந்த நிலையில், முண்டாசைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் போய் நின்ற தமிழர். கதையாகச் சொல்லும்போது காந்தி காப்பாற்றினார் என்று முடித்துவிடுகிறோம். சட்டம் படித்தவர் அங்கே நிற்க வேண்டும். காந்தியே எழுதியபடி, சாதாரண வேலைக்காரர் வேலையை விட்டுப் போனால் அது சிவில் வழக்கு, ஒப்பந்தக் கூலி போனால் கிரிமினல் குற்றம், சிறை. அதனால்தான் காந்தியால் செய்ய முடிந்தது ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றிக் கொடுப்பது மட்டும். அடித்தவனிடமிருந்து தப்பினார், ஒப்பந்தத்திலிருந்து தப்பவில்லை. அந்த ஓர் இடத்தில் சட்டமும் வரலாறும் சேர்ந்து நின்றால்தான் ஒப்பந்தக் கூலி முறை என்பது எப்படி வேலை செய்தது என்று புரியும்.

இந்த முறை ஒரு பருவத்தில் வராது மா. மூன்று வருடம் வரலாற்றை முக்கியப் பாடமாகப் படிக்க முடிந்தால் படி.

ஐசிபிங்கோ அக்கா:

நான் சட்டம் சொல்லிக்கொடுப்பவள். பழைய கோப்பு அம்மா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு விலகல். வரலாறு வேண்டியிருப்பது 19 ஆம் நூற்றாண்டைப் புரிந்துகொள்ள மட்டும் இல்லை, இன்றைக்குக் கோர்ட்டில் நடக்கும் குடும்ப வழக்குக்கும் வேண்டும். ரவி, நில வழக்கோடு இது முடிந்துவிடாது.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்று அது முடிந்தது. வழக்குக்கு வந்தது ஒரு முஸ்லிம் குடும்பம், அடி விழுந்தது நம் அம்மாக்கள் மீதும். அந்த வருடச் சத்தியாகிரகத்தில் டிரான்ஸ்வாலில் இருந்து தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசியது, வேலைநிறுத்தம், சிறை, 1914 பிப்ரவரியில் தில்லையாடி வள்ளியம்மை இறந்தது, இவை எல்லாம் பள்ளியிலேயே தெரியும். அந்தப் போராட்டத்தில், ஒப்பந்தம் முடிந்து மறுபடி ஒப்பந்தத்தில் சேராமல் இங்கேயே தங்கியவர்கள் மீது போட்ட 3 பவுண்டு வரியும் ஒரு காரணம், திருமணமும் ஒரு காரணம். 1914 இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ரத்து செய்தது, திருமண விஷயத்தில் கொஞ்சம் வழிவிட்டது. பாடப் புத்தகம் இங்கே வெற்றி என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

ஆனால் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் சட்ட அறிக்கைகளைத் திறந்து பாருங்கள். பதிவு செய்யாமல் சடங்கு மட்டும் செய்துகொண்ட இந்துத் திருமணம் நம் கோர்ட்டில் முழு அங்கீகாரம் இல்லாமலேயே இருந்தது. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் தாலி கட்டிய மனைவிக்குச் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்வி டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு வந்து, மனைவி என்ற சொல்லில் அவரும் அடங்குவார் என்று தீர்ப்பு வந்தது கோவெண்டர் எதிர் ரகவய்யா வழக்கில், அது 2009 அறிக்கைகளில் இருக்கிறது. அதற்கும் முன்னோடி முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வழக்கு, 2004 இல் அரசியல் சாசன நீதிமன்றம் கொடுத்தது. 1913க்கும் இதற்கும் நடுவில் எத்தனை பெண்கள் கணவர் இறந்த பிறகு மாமனார் வீட்டில் கையேந்தி நின்றிருப்பார்கள் என்று யோசியுங்கள். அதைக் கண்டுபிடிக்க முடியும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் எஸ்டேட் கோப்புகள் இருக்கின்றன, அதில் மரண அறிவிப்புப் படிவத்தில் திருமணமானவரா என்ற கட்டம் ஒன்று உண்டு. அதில் குமாஸ்தா என்ன எழுதினார், எதை அடித்துத் திருத்தினார் என்று பார்ப்பதே ஒரு ஆய்வு. யாராவது செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மூக்குத்தி வழக்கும் இப்படித்தான். டர்பனில் பள்ளிக்கு மூக்குத்தி போட்டு வந்த தமிழ்ப் பெண்ணின் வழக்கு, 2007 இல் தலைமை நீதிபதி லாங்கா எழுதிய தீர்ப்பு, பிள்ளை வழக்கு என்போம். மதம் கட்டாயமாக்கியதா, குடும்ப வழக்கமா, கலாசாரமா, இதெல்லாம் கேள்வியாகி, தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் பழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு பழக்கம் நம்மிடையே எப்படி வந்தது, தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறியது என்று சாட்சியம் சொல்ல ஆள் வேண்டும். நம் பக்கத்தில் அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் போதாது.

கேட்டோ மேனர்க்காரன்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனவெறி ஆட்சியை எதிர்த்த அஹ்மத் டிமோல் 1971 இல் போலீஸ் காவலில் இறந்தார், மறு வருட விசாரணையில் தற்கொலை என்றார்கள். 2017 இல் அந்த விசாரணையை மறுபடி திறந்து, நீதிபதி மோத்லே கொலை என்று தீர்ப்பளித்தார். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பழைய சாட்சியத்தை மறுபடி எடைபோட வேண்டி வந்தது. அந்த மாதிரி வேலை இந்த நாட்டில் இன்னும் மீதி இருக்கிறது ரவி.

மெரிபேங்க் மலர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன், மூக்குத்தி வழக்கை அவரே ஞாபகம் வைத்திருந்தார். ரவி அண்ணா, நிதி உதவியில்தான் படிக்கிறேன், அதனால் நீங்கள் சொன்னபடி முதலில் எழுத்தில் கேட்கிறேன்.

பழைய கோப்பு அம்மாவுக்கு ஒரு கேள்வி. மாறுவதோ மாறாததோ முடிவாகும் வரை சும்மா இருக்க மனமில்லை. இந்த விடுமுறையில் எங்கிருந்து தொடங்கலாம்? எனக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், அது இதில் எதற்காவது பயன்படுமா?

பழைய கோப்பு:

பயன்படுமா என்று கேட்கிறாயா! நேட்டால் அரசாங்கக் கோப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் எல்லோரும் அதை மட்டும் வைத்து எழுதிவிடுகிறார்கள். பி. எஸ். ஐயர் 1908 இல் டர்பனில் தொடங்கிய ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள் ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்த வாரப் பத்திரிகை, 3 பவுண்டு வரியை எதிர்த்து விடாமல் எழுதியது. காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையிலும் 1903 இல் தொடங்கியபோது தமிழ்ப் பகுதி இருந்தது. அந்தச் சட்டங்களைப் பற்றித் தமிழ் வாசகருக்கு என்ன சொன்னார்கள், ஆங்கிலப் பக்கத்தில் சொன்னதிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்று படிக்கத் தமிழ் தெரிந்த சட்ட மாணவி வேண்டும். இங்கே அந்த இரண்டும் ஒருவரிடம் இருப்பது அபூர்வம்.

முதல் வேலையாக குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி லுத்துலி ஆவண மையத்துக்குப் போ. பழைய பத்திரிகைகள், குடும்பங்கள் கொடுத்த காகிதங்கள், பேட்டிகள் எல்லாம் இருக்கும். போவதற்கு முன்னால் எதைத் தேடுகிறாய் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் எடுத்து வைப்பார்கள்.

இரண்டாவது, உன் குடும்பத்தில் முதலில் வந்தவரின் காலனி எண்ணைத் தேடு. கப்பல் பதிவில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதியிருப்பார்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடி இல்லை என்று விட்டுவிடாதே. முனுசாமியைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதே ஆளுக்கு வேறொரு கோப்பில் வேறு எழுத்து இருக்கும். எண்தான் மாறாது. எண் கிடைத்ததும் அவர் வந்த வருடத்தில் எந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது என்று பார். 3 பவுண்டு வரியைக் கொண்டுவந்த 1895 ஆம் ஆண்டின் சட்டம் 17க்கு முன்னால் வந்தவரா பின்னால் வந்தவரா என்பதைப் பொறுத்து அவருடைய ஐந்து வருடம் முடிந்த பிறகு வரி கட்ட வேண்டியிருந்ததா இல்லையா என்பது மாறும். 1903 இல் அதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள், பையன் 16 வயது, பெண் 13 வயது ஆனதும் தலைக்கு வருடம் 3 பவுண்டு (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்). கூலி முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு 1 ஷில்லிங் கூடும். வயது வந்த இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை மாதக் கூலி என்று நீயே கணக்குப் போட்டுப் பார், அதற்குப் பிறகு மறுபடியும் ஏன் அத்தனை பேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது விளங்கும்.

காப்பகத்தில் பேனா அனுமதிக்க மாட்டார்கள், பென்சில் எடுத்துக்கொண்டு போ. எடுத்த ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே கோப்பு எண்ணை அப்போதே எழுதிவிடு, வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வைக்காதே. அந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் இங்கேயே போடு, நானும் ஐசிபிங்கோ அக்காவும் பார்த்துச் சொல்கிறோம்.